வைரஸ் கார்டை நிறுத்திவிட்டு சீடி அடித்த காலம்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

"சீடி ரைட் பண்ணும்போது வைரஸ் கார்டை ஓஃப் பண்ணணும்."

2000களில் ஹாலிஎல, பதுளை, பண்டாரவளைப் பக்கம் கொம்பியூட்டரோடு கொஞ்சமாவது பழகியவர்களுக்கு இந்த வசனம் புதிதல்ல. கொமியூனிகேஷன் கடையில் சொன்னார்கள், ஸ்டூடியோவில் சொன்னார்கள், கம்பியூட்டர் வகுப்பிலும் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் "இல்லாட்டி சீடி பழுதாப் போகும்" என்பதோடு பதில் முடிந்துவிடும். அதற்கு மேல் கேட்டவனும் இல்லை, சொன்னவனும் இல்லை.

அந்த வசனம் பொய் இல்லை. ஒரு காலத்தில் அது முழு உண்மை. ஆனால் அந்தக் காலம் மிகவும் குறுகியது. காரணம் மறைந்த பிறகும் பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. இப்போது வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் பழைய இறுவட்டுகளை போனுக்கு மாற்றித் தரச் சொல்லிப் பலர் கொண்டுவருகிறார்கள். சிலர் "சேர், வைரஸ் கார்டை நிப்பாட்டிட்டுப் போடுங்க" என்று கூடவே சொல்கிறார்கள். அதனால்தான் இதன் கதையை முழுதாக எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில் இறுவட்டின் கதை. சொனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய சீடி 1982இல் ஜப்பானில் பாட்டுத் தட்டாக விற்பனைக்கு வந்தது. அது தொழிற்சாலையில் அச்சடித்து வருவது, வீட்டில் எழுத முடியாது. நாமே எழுதக்கூடிய வெற்று இறுவட்டை 1988இல் அறிமுகம் செய்தது தையோ யூடன் என்ற ஜப்பானிய நிறுவனம். அதில் ஒரு சாயப் படலம் இருக்கும். லேசர் கதிர் அந்தச் சாயத்தைச் சூடாக்கிப் புள்ளி புள்ளியாக மாற்றிக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் இதை 'எரிப்பது' என்று சொல்வது சும்மா இல்லை, உள்ளே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். நம்மவர்கள் 'சீடி அடிக்கிறது' என்றார்கள். பெயர் என்னவாக இருந்தாலும் ஒரு முறை மாறிய சாயம் மறுபடி பழைய நிலைக்குத் திரும்பாது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆரம்பத்தில் இந்த ரைட்டர்கள் பல ஆயிரம் டொலர் விலை. 1995இல் எச்.பி. நிறுவனம் ஆயிரம் டொலருக்குக் கீழே ஒன்றைக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் விலை மளமளவென்று இறங்கி, உலகம் முழுக்கக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் ரைட்டர் போய்ச் சேர்ந்தது.

இனிப் பிரச்சினை. ஓர் இறுவட்டில் நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரே கோடுதான் இருக்கிறது. அதை நீட்டிப் பிடித்தால் 5 கிலோமீற்றருக்கும் அதிகம். இங்கிருந்து பதுளைக்கு நடந்தால் பாதி வழியைத் தாண்டிவிடும் நீளம். அந்தக் கோட்டை லேசர் இடையில் நிற்காமல் எழுதி முடிக்க வேண்டும். பழைய ரைட்டர்களுக்கு நடுவில் நிறுத்தி, மூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. நின்றால் நின்றதுதான், இறுவட்டு குப்பைக்குப் போகும். வெள்ளைக்காரர்கள் அப்படிக் கெட்டதைத் தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கும் தட்டாகப் பாவித்தார்கள். நம் பக்கத்தில் முச்சக்கரவண்டியில் தொங்கவிட்டார்கள், வயலில் குருவி விரட்டக் கட்டினார்கள்.

தோட்டத்து லயத்தில் பீலித் தண்ணீர் எடுத்தவர்களுக்கு இதை விளக்குவது லேசு. மேலே ஊற்றிலிருந்து பீலி வழியாகத் தண்ணீர் வருகிறது. கீழே ஒரு சின்னப் பீப்பாய். பீப்பாயின் அடியில் ஒரு குழாய், அதை எந்தக் காரணம் கொண்டும் மூட முடியாது, தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பீலியில் இலை அடைத்துக்கொண்டால் பீப்பாயில் இருக்கும் தண்ணீர் தீரும் வரைதான் அவகாசம். இங்கே ஊற்று என்பது ஹாட் டிஸ்க், பீப்பாய் என்பது ரைட்டருக்குள் இருக்கும் சிறு நினைவகம், குழாய் என்பது லேசர்.

பீப்பாய் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஒற்றை வேகத்தில் எழுதும்போது விநாடிக்கு 150 கிலோபைட் தேவை. 8 மடங்கு வேகத்தில் 1200 கிலோபைட். அன்றைய பல ரைட்டர்களில் இருந்த நினைவகம் 2 மெகாபைட். கணக்குப் போட்டால் இரண்டு விநாடிக்கும் குறைவான அவகாசம். அந்த இரண்டு விநாடிக்குள் ஹாட் டிஸ்க் வேறு வேலையில் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது.

ஹாட் டிஸ்க்கை அப்படி வேறு வேலையில் மாட்டிவிடுவதில் முதலிடம் யாருக்கு? பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் கார்டுக்குத்தான்.

வைரஸ் கார்ட் எப்படி வேலை செய்கிறது? பாடசாலை வாசலில் நிற்கும் காவலாளியைப் போல. எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் அவர் பிரித்துப் பார்ப்பார், தனக்குத் தெரிந்த வைரஸ் அடையாளங்களோடு ஒப்பிடுவார், பிறகுதான் உள்ளே விடுவார். சுருக்கிக் கட்டிய சிப் கோப்பு என்றால் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார், அதற்கு இன்னும் நேரம் எடுக்கும். 64 மெகாபைட் நினைவகம் உள்ள பழைய கொம்பியூட்டரில், ஐந்நூறு சின்னச் சின்னக் கோப்புகளை நேரடியாக இறுவட்டுக்கு எழுதும்போது, அவர் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு நின்றால் பீப்பாய் வற்றத்தானே செய்யும்? "கார்டை நிப்பாட்டு" என்ற அறிவுரை இங்கிருந்து பிறந்தது. எழுதும் மென்பொருள்களின் உதவிக் குறிப்புகளிலேயே அப்படிச் சொன்னார்கள்: மற்ற மென்பொருள்களை மூடுங்கள், திரைக்காப்பானை நிறுத்துங்கள், வைரஸ் கார்டை நிறுத்துங்கள். மௌசைக்கூட அசைக்க வேண்டாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்தவர்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். நம் பக்கத்தில் இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த பிறகு 2001, 2002 மின்வெட்டு வந்து இறுவட்டைக் கெடுத்த கதையும் உண்டு.

(அந்த மென்பொருள்களில் நம் ஊரில் அதிகம் ஓடியது ஜேர்மனியின் நீரோ. ரோம் எரிந்தபோது பிடில் வாசித்தவன் என்று நாம் படித்த அதே நீரோதான். அதன் சின்னத்தில் ரோம் நகரத்து அரங்கம் தீப்பற்றி எரியும். பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.)

அந்தக் காவலாளி எதற்காக வாசலுக்கு வந்தார் என்பதும் நம் தெற்காசியாவோடு சேர்ந்த கதை. ஐ.பி.எம். வகைக் கணினிகளில் உலகம் முழுக்கப் பரவிய முதல் வைரஸ் 1986இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து புறப்பட்டது. அதன் பெயர் பிரெய்ன். எழுதியவர்கள் பாசித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற இரண்டு சகோதரர்கள். கணினிக் கடை நடத்தியவர்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளை மற்றவர்கள் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைக் கண்டுபிடிக்கவே இதைச் செய்தோம் என்றார்கள். வைரஸுக்குள் தங்கள் பெயர், கடை விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்! இன்றைய வைரஸ்காரர் யாராவது அப்படிச் செய்வாரா? ப்ளொப்பி டிஸ்க்கில் ஏறிய பிரெய்ன் கடல் கடந்து அமெரிக்கா வரை போனது. அதற்கு அடுத்த ஆண்டு, 1987இல், ஜோன் மெக்காஃபி அமெரிக்காவில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். வைரஸ் கார்ட் ஒரு பெரும் வியாபாரமாக வளர்ந்தது அந்தக் காலத்திலிருந்துதான். 2011இல் ஃபின்லாந்தின் கணினிப் பாதுகாப்பு நிபுணர் மிக்கோ ஹிப்போனென், வைரஸுக்குள் இருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு லாகூர் போய் அந்தச் சகோதரர்களைச் சந்தித்துப் படம் எடுத்தார்.

ப்ளொப்பிக்கும் இறுவட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ப்ளொப்பியில் வைரஸ் ஏறினால் துடைத்துவிடலாம். ஒரு முறை மட்டும் எழுதும் இறுவட்டில் ஏறினால் துடைக்க முடியாது. மேலே நினைவில் வைக்கச் சொன்ன இடம் இதுதான். வைரஸ் கார்ட் அதைக் கண்டுபிடிக்கும், கூச்சல் போடும், ஆனால் அழிக்க முடியாது. அந்த இறுவட்டு இருக்கும் வரை வைரஸும் அதில் இருக்கும்.

இது பெரிய நிறுவனங்களுக்கே நடந்தது. 1995இல் மைக்ரோசொஃப்ட் தானே நிறுவனங்களுக்கு அனுப்பிய ஒரு சீடியில் கொன்செப்ட் என்ற வேர்ட் வைரஸ் போயிருந்தது. 1998இல் சி.ஐ.எச். வந்தது. தாய்வான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதியது. அந்த வைரஸ் கோப்புகளின் உள்ளே இருக்கும் வெற்றிடங்களில் தன்னைப் பிரித்துச் சொருகிக்கொள்ளும், அதனால் கோப்பின் அளவு கூடாது, பார்த்தால் சந்தேகமே வராது. ஏப்ரல் 26 வந்தால் ஹாட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழிக்கும். சில கணினிகளில் தாய்ப்பலகையில் இருக்கும் பயோஸையும் அழித்துவிடும், அதன் பிறகு கணினி எழும்பாது. 1999 ஏப்ரல் 26இல் தென் கொரியா, துருக்கி, இந்தியா, பங்களாதேஷ் என்று பல நாடுகளில் பெரும் சேதம்.

அது பரவிய வழிகளில் ஒன்று இலவச சீடி. ஐரோப்பாவில் சில விளையாட்டுச் சஞ்சிகைகள் தங்கள் இதழோடு கொடுத்த சீடியிலேயே அது இருந்தது. அதைவிட ஒரு செய்தி. 1998இல் யமஹா நிறுவனம் தன்னுடைய சீடி ரைட்டருக்காக வெளியிட்ட ஒரு மேம்படுத்தல் மென்பொருளுக்குள் சி.ஐ.எச். இருந்தது. ரைட்டர் நன்றாக எழுத வேண்டும் என்று எடுத்துப் போட்ட மென்பொருளில் வைரஸ். அந்த நேரம் "சீடி வேலை, கார்ட் வேண்டாம்" என்று காவலாளியை அனுப்பி வைத்திருந்தவன் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இனித்தான் நமக்கு யாரும் சொல்லாத பகுதி.

2000ஆம் ஆண்டு ஜப்பானின் சான்யோ நிறுவனம் பேர்ண்-புரூஃப் என்ற தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. பீப்பாய் வற்றப் போகிறது என்று தெரிந்ததும் லேசரை நிறுத்தும், எங்கே நிறுத்தினோம் என்று குறித்துக்கொள்ளும், தண்ணீர் நிரம்பியதும் அதே இடத்திலிருந்து தொடரும். பிளெக்ஸ்டர் முதலில் பாவித்தது. பிறகு ரிக்கோ போன்றவர்களும் தங்கள் பெயரில் இதையே செய்தார்கள். மிகச் சீக்கிரம் எல்லா ரைட்டர்களிலும் இது வழமையாகிவிட்டது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோது சீடி எழுதும் வசதி விண்டோஸுக்குள்ளேயே வந்தது.

அதாவது, ரைட்டர் சாமானிய மனிதர் வாங்கும் விலைக்கு வந்த 1995இலிருந்து கணக்கிட்டால், "கார்டை நிப்பாட்டு" என்பதற்கு உண்மையான காரணம் இருந்தது ஐந்தாறு ஆண்டுகள்தான். நம் மலைநாட்டுக் கடைகளில் ரைட்டர் பரவலாகிய காலத்தில், புதிதாக வாங்கிய பெட்டிகளில் அந்த நோய்க்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. நாம் நோய் போன பிறகு பத்தியம் பிடிக்கத் தொடங்கியவர்கள்.

அப்படியானால் பழக்கம் ஏன் 2010 தாண்டியும் நிலைத்தது? வெறும் அறியாமை என்று சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. நம் கடைகளில் ஓடிய மென்பொருள்களும் விளையாட்டுகளும் பெரும்பாலும் திருட்டுப் பிரதிகள். அவற்றோடு 'கிராக்' என்ற ஒரு கோப்பு வரும். வைரஸ் கார்ட் அதைக் கண்டால் விடாது, பிடித்து அழிக்கும். சில நேரம் காரணத்தோடுதான், அதற்குள் உண்மையாகவே வைரஸ் இருக்கும். எனவே கார்டை நிறுத்தாமல் அந்த வியாபாரம் நடக்காது. "சீடி பழுதாப் போகும்" என்ற பழைய நேர்மையான காரணத்தின் நிழலில் இந்தப் புதிய காரணம் வசதியாக உட்கார்ந்துகொண்டது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டில் வந்த பிறகும் அது பெரிதாக அசையவில்லை. கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது, மலிவாகக் கேட்டு வாங்கியவர்கள் நாம்தான்.

அதே காலத்தில் வைரஸ்களும் நம் பழக்கத்தைக் கற்றுக்கொண்டன. 2005க்குப் பிறகு பாடசாலை ஆய்வுகூடங்களில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் அதே பெயரில் இன்னொரு கோப்புறை முளைக்கும். மஞ்சள் நிறக் கோப்புறை போலவே தெரியும், திறந்தால் வைரஸ். இந்தோனேசியாவில் பிறந்த புரொன்டொக் அந்த வகை. பென்னில் ஏறிப் பயணம் செய்த இவற்றில் சில இன்னொரு தந்திரமும் செய்தன. எக்ஸ்.பி.யில் சீடிக்கு எழுத வேண்டிய கோப்புகளை விண்டோஸ் முதலில் ஒரு தனிக் கோப்புறையில் சேர்த்து வைக்கும், பிறகு எழுதும். இந்தப் புழுக்கள் தங்களையும் ஓர் ஓட்டோரன் கோப்பையும் அந்தக் கோப்புறைக்குள் போட்டுவிட்டுக் காத்திருக்கும். நீங்கள் மகளின் பிறந்தநாள் படங்களை எழுதும்போது புழுவும் சேர்ந்து எழுதப்படும். இறுவட்டை அடுத்த வீட்டில் போட்டதும் விண்டோஸ் தானாகவே அதை ஓட்டும். காவலாளி தேவைப்பட்ட நேரமே எழுதும் நேரம்தான். நாம் சரியாக அந்த நேரத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பினோம்.

2011 பெப்ரவரியில் மைக்ரோசொஃப்ட் ஒரு மேம்படுத்தல் மூலம் பென் தானாக ஓடுவதைப் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்தியது. ஆனால் சீடி, டீவிடிக்கு அந்தத் தடையைப் போடவில்லை. பென்னில் புழு தானே ஏறும், சீடியில் யாராவது எழுதினால்தான் ஏறும் என்பது அவர்கள் கணக்கு. நம் பக்கத்தில் எழுதிக் கொடுக்க ஆட்கள் தாராளமாக இருந்தார்கள்.

சொனி பி.எம்.ஜி. கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2005இல் அந்த இசை நிறுவனம் பிரதி எடுப்பதைத் தடுக்க, தன் பாட்டு சீடிகளில் ஓர் ஒளிந்து வாழும் மென்பொருளை வைத்து விற்றது. காசு கொடுத்து வாங்கிய அசல் சீடி, கணினியில் போட்டதும் பின்னணியில் களவாகக் குடியேறியது. மார்க் ருஸ்ஸினோவிச் என்ற நிபுணர் கண்டுபிடித்து அம்பலப்படுத்தினார், நிறுவனம் சீடிகளைத் திரும்பப் பெற்றது. எனவே அசல், நகல் என்ற கணக்கு மட்டும் போதாது.

சரி, நம் அலுமாரிகளுக்கு வருவோம்.

நம் ஊரில் இறுவட்டு என்றால் வெறும் சினிமாப் பாட்டு இல்லை. நிக்காஹ் வீடியோ, கிராஅத், பயான். தோட்டத்தில் தேர்த் திருவிழா, சடங்கு வீடு, பெயர் சொல்ல மட்டும் மிஞ்சியிருக்கும் தாத்தா பாட்டியின் நடமாட்டம். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன உம்மாமார், அம்மாமாருக்குப் பிள்ளைகளின் படங்களைப் போட்டு, ஊருக்கு வந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்தனுப்பிய சீடிகள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடந்தகால வினாத்தாள்கள், பாட அலகுகள், பாடசாலைச் சஞ்சிகைகள். இவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. எடுத்த கெமராவும் இல்லை, அடித்துக் கொடுத்த கடையும் இல்லை.

அந்தச் சாயப் படலம் நிரந்தரமும் இல்லை. வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும். மார்கழி மழையில் நம் சுவர்களே வியர்க்கும் ஊர் இது. பெயர் எழுதிய மேற்பக்கம்தான் அதிகப் பலவீனம். கீழ்ப்பக்கக் கீறலை மெருகூட்டிப் பார்க்கலாம், மேற்பக்கத்தில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தால் படலமே சேர்ந்து வந்துவிடும். எனவே பிய்க்காதீர்கள்.

டெக்கில் போட்டுப் பார்த்த வீசிடி, டீவிடிகளில் வைரஸ் இருந்தாலும் டெக்குக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்குத் தூங்கும். இருபது வருடம் தூங்கியது இன்று மடிக்கணினியில் போட்டால் எழும்பக்கூடும். எல்லாப் பழைய வைரஸும் புதிய விண்டோஸில் ஓடாது. சி.ஐ.எச். போன்றவை விண்டோஸ் 95, 98 காலத்தோடு போய்விட்டன. கோப்புறை வேடம் போடுபவை இன்றும் ஓடக்கூடியவை. விண்டோஸ் 8 முதல் வைரஸ் கார்ட் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. அதை அப்படியே ஓட விடுங்கள். இறுவட்டைப் போட்டதும் எதையும் இரட்டைச் சொடுக்குச் செய்யாமல், முதலில் முழு இறுவட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு படம், ஒலி, வீடியோ, ஆவணம் ஆகியவற்றை மட்டும் பொறுக்கிப் பிரதி எடுங்கள். கோப்புறை மாதிரித் தெரிந்து வகையில் 'அப்ளிகேஷன்' என்று போட்டிருந்தால் அது கோப்புறை இல்லை. வீசிடி என்றால் எம்பெக்ஏவி என்ற கோப்புறைக்குள் இருக்கும் டட் கோப்புகள்தான் உங்கள் வீடியோ, அதை மறக்காமல் எடுங்கள். பாமினி ஆவணங்களை எடுக்கும்போது எழுத்துருக் கோப்பு அதிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும், பயந்துபோய் அழித்துவிடாதீர்கள்.

சோதனை ஓடும்போது இறுவட்டு மெதுவாகச் சுழலும், சத்தம் போடும், சில நேரம் திக்கும். கார்ட்தான் கெடுக்கிறது என்று அப்போது தோன்றும். வாசிக்கும்போது எந்த லேசரும் எதையும் எரிப்பதில்லை, எவ்வளவு நேரம் நின்றாலும் இறுவட்டுக்கு நட்டமில்லை. ஒரு டிரைவில் திறக்காத இறுவட்டு இன்னொன்றில் திறப்பதும் உண்டு. எனவே ஒன்றில் வாசிக்கவில்லை என்று எறிய வேண்டாம். பழைய கணினியை இரும்புக்குப் போடுபவர்கள் அதிலிருக்கும் டீவிடி ரைட்டரை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். புதிய மடிக்கணினிகளில் அது வருவதில்லை, நம் ஊரில் வேலை செய்யும் டிரைவ்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகின்றன.